வலி நரம்புகளை ஒளியால் இயக்குவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணாடித் தரையில் ஒரு சுண்டெலி நிற்கிறது. கீழேயிருந்து அதன் பின்னங்காலின் உள்ளங்காலில் நீல ஒளி விழுகிறது. ஊசி குத்தவில்லை, சூடு வைக்கவில்லை, யாரும் தொடக்கூட இல்லை. ஆனாலும் சுண்டெலி காலை வெடுக்கென்று இழுக்கிறது, உதறுகிறது, நக்குகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இதன் மறுபக்கத்தையும் செய்து காட்டினார்கள். நரம்புக் காயத்தால் லேசாகத் தொட்டாலே துடித்துக்கொண்டிருந்த சுண்டெலிகளின் காலில் மஞ்சள் ஒளி பட்டபோது அந்தத் துடிப்பு தணிந்தது.

இந்த நுட்பத்தின் பெயர் ஆப்டோஜெனடிக்ஸ். நரம்பணுவுக்குள் ஒரு மரபணுவைச் செலுத்தி, ஒளிக்கு அசையும் புரதம் ஒன்றை அதன் சவ்வில் உருவாக்க வைத்து, பிறகு விளக்கைப் போட்டு அந்த நரம்பணுவை இயக்குவது அல்லது அடக்குவது. சொல்ல ஒரு வாக்கியம் போதும். செய்ய ஓராண்டு, ஈராண்டு ஆகும்.

நரம்பியல், உடலியங்கியல், உயிர்த்தொழில்நுட்பம் படித்துவிட்டு வலி ஆய்வுக்குள் நுழையப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ‘ஒளியால் வலி தீர்ந்தது’ என்ற செய்தியைப் பார்த்துவிட்டு உண்மை எவ்வளவு என்று தேடி வந்தவர்களும் படிக்கலாம். இந்தத் துறையில் விளக்கைப் போடுவதுதான் இருப்பதிலேயே எளிதான வேலை. எந்த நரம்பணுவைத் தொடுகிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எதை வலி என்று எண்ணி அளக்கிறோம் என்பதில்தான் ஓர் ஆய்வு நிற்பதும் விழுவதும். அதனால் கீழே சில படிகள் நீளமாக இருக்கும், சில நாலு வரியில் முடிந்துவிடும்.

தொடங்கும் முன்: எந்த ஒளி?

‘ஒளி’, ‘வலி’ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வரும் எல்லாமே ஆப்டோஜெனடிக்ஸ் அல்ல. பிசியோதெரபி நிலையங்களில் மூட்டு மேல் காட்டும் குறைந்த சக்தி லேசர் வேறு. அதில் மரபணுவும் இல்லை, ஒளிப்புரதமும் இல்லை. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் தினமும் சிறிது நேரம் பச்சை எல்.இ.டி. வெளிச்சத்தில் உட்காரும் முறை இன்னொன்று. அரிசோனா பல்கலைக்கழகத்தில் 29 பேரிடம் அதைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். தலைவலி நாட்கள் குறைந்தன. ஆனால் அது சிறிய, ஆரம்பநிலைச் சோதனை. அங்கே ஒளி கண் வழியாகப் போகிறது, இங்கே நேராக நரம்பணுவுக்கே போகிறது. இந்தக் கட்டுரை நேராக நரம்பணுவுக்குப் போகும் ஒளியைப் பற்றியது. மரபணுவே இல்லாமல் ஒளியால் இயங்கும் மருந்துகளும் உண்டு, அவை கடைசிப் படியில் வரும்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

வலி ஓரிடத்தில் குடியிருப்பதில்லை. தோலில் உள்ள நரம்பு முனைகளில் சமிக்ஞை தொடங்குகிறது. அந்த நரம்பணுக்களின் உடல்கள் முதுகெலும்பை ஒட்டிய பின்வேர் முடிச்சுகளில் இருக்கின்றன. அங்கிருந்து தண்டுவடத்தின் பின்கொம்பு, பிறகு மூளையில் தலாமஸ், சிங்குலேட் புறணி, அமிக்டலா என்று சமிக்ஞை பிரிந்து போகிறது. மூளையிலிருந்து கீழே இறங்கி வந்து வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் பாதைகள் வேறு.

ஒரே நரம்புக்குள் ஓடும் இழைகளிலும் பல வகை. ஏ-டெல்டா இழைகளில் சமிக்ஞை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். சி இழைகளில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். கால் கட்டைவிரல் மேசைக்காலில் இடித்தால் முதலில் ‘சுருக்’கென்று ஒன்று, ஒரு நொடி கழித்து விண்விண்ணென்று இன்னொன்று வருகிறதே, அந்த இடைவெளிக்கு இந்த வேக வித்தியாசம்தான் காரணம். மின்முனையை வைத்து நரம்பைத் தூண்டினால் தொடுகை, வலி, தசை இயக்கம் என்று எல்லா இழைகளும் சேர்ந்தே விழித்துக்கொள்ளும். ஒருவரைப் பார்க்கப் போய் தெரு முழுக்கக் கதவு தட்டுகிற மாதிரி. மூளையில் ஒரு வகை அணுவை மட்டும் தனியாகக் கட்டுப்படுத்த ஒரு வழி வேண்டும் என்று 1979-லேயே ஃபிரான்சிஸ் கிரிக் எழுதினார். ஆப்டோஜெனடிக்ஸ் அந்தத் தேவைக்குத்தான் விடை சொல்கிறது.

ஆகவே முதல் கேள்வி: எந்த இடத்தில், எந்த வகை அணு? இரண்டாவது கேள்வி: அதை இயக்கிப் பார்க்கப் போகிறோமா, அடக்கிப் பார்க்கப் போகிறோமா? இந்த இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் அல்ல. ஓர் அணுக்கூட்டத்தை இயக்கியதும் சுண்டெலி காலை இழுத்தால், வலி நடத்தைக்கு அந்த அணுக்கள் போதுமானவை என்றுதான் பொருள். இயல்பாக வரும் வலிக்கு அவை தேவையா என்பது அடக்கிப் பார்த்தால்தான் தெரியும். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதையும் நிரூபித்ததாக எழுதும் கட்டுரைகள் இன்னமும் வருகின்றன.

அனுமதி விஷயத்தையும் இந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிடுங்கள். இந்தியாவில் என்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவும், மரபணு மாற்றம் சம்பந்தப்பட்டது என்பதால் உயிரிப்பாதுகாப்புக் குழுவும் ஒப்ப வேண்டும். வலியை வேண்டுமென்றே உண்டாக்கும் ஆய்வு என்பதால் கேள்விகள் கடுமையாக வரும். வரத்தான் வேண்டும்.

படி 2: ஒளிப்புரதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் ஆப்சின். முதலில் பிரபலமானது சேனல்ரோடாப்சின்-2. குளத்து நீரிலும் மண்ணிலும் வாழும் கிளாமிடோமோனாஸ் என்ற ஓரணுப் பச்சைப் பாசி, வெளிச்சம் இருக்கும் திசையைக் கண்டு நீந்துவதற்கு வைத்திருக்கும் புரதம் அது. ஜெர்மனியில் பீட்டர் ஹெகமன், கியோர்க் நாகெல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் முதலானோர் 2002, 2003 ஆண்டுகளில் அதன் தன்மையை வெளிப்படுத்தினர். 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் எட் பாய்டனும் கார்ல் டைசராத்தும் சகாக்களும் அதைப் பாலூட்டி நரம்பணுவில் வைத்து, ஒளித்துடிப்புக்கு ஒன்று என்ற கணக்கில் மின்துடிப்பு வரவைத்தார்கள்.

புரதத்தின் நடுவே ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. பாலூட்டியின் திசுவில் அது ஏற்கெனவே இருப்பதால் தனியாக ஊட்ட வேண்டியதில்லை. 470 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி பட்டதும் அது வளைந்து வடிவம் மாறுகிறது, புரதத்தின் வழி திறக்கிறது, சோடியம் போன்ற நேரயனிகள் உள்ளே பாய்கின்றன, அணு சுடுகிறது, அதாவது மின்துடிப்பை விடுகிறது. எல்லாம் சில மில்லிநொடிகளில்.

இயக்குவதற்கு ஆப்சின் தேர்வு பெரிய தலைவலி இல்லை. ஆழமாக ஒளி போக வேண்டும் என்றால் சிவப்பு ஒளிக்கு அசையும் கிரிம்ஸன் வகையை எடுக்கலாம். அடக்குவதில்தான் சிக்கல்.

அடக்குவதற்கு முதலில் வந்தவை பம்புகள். ஹேலோரோடாப்சின் மஞ்சள் ஒளியில் குளோரைடை உள்ளே தள்ளும். ஆர்க்கிரோடாப்சின் பச்சை கலந்த மஞ்சளில் புரோட்டானை வெளியே தள்ளும். இரண்டும் ஓர் ஒளித்துகளுக்கு ஓர் அயனி என்ற கணக்கில்தான் வேலை செய்யும், அதுவும் ஒளி இருக்கும்வரை மட்டும். நிறைய ஒளி, தொடர்ச்சியான ஒளி வேண்டும். நெடுநேரம் ஹேலோரோடாப்சினை ஓட்டினால் அணுவுக்குள் குளோரைடு சேர்ந்துபோய், விளக்கை அணைத்த பிறகு அடக்கும் சமிக்ஞைகளே பலவீனமாகிவிடும். ஆர்க்கிரோடாப்சினை நரம்பு முனைகளில் பல நிமிடங்கள் ஓட்டினால் உள்ளே காரத்தன்மை கூடி, அடங்க வேண்டிய முனை தானாகவே கூடுதல் வேதிச் சமிக்ஞையை விடத் தொடங்கும்.

‘அப்படியானால் பம்பை விட்டுவிட்டு, திறமையான குளோரைடு கால்வாயை (அயனி தானாகப் பாயும் திறப்பை) எடுத்துக்கொள்ளலாமே’ என்று தோன்றும். 2015-இல் அப்படிப்பட்ட ஆப்சின்கள் வந்தன, மூளை ஆய்வில் அவை அருமையாக வேலை செய்கின்றன. ஆனால் வலி ஆய்வுக்கென்றே ஒரு பொறி இங்கே காத்திருக்கிறது. பின்வேர் முடிச்சு நரம்பணுக்கள் முதிர்ந்த பிறகும் தங்களுக்குள் குளோரைடை அதிகமாகச் சேர்த்து வைத்திருப்பவை. அவற்றில் குளோரைடு கால்வாயைத் திறந்தால் குளோரைடு உள்ளே வராது, வெளியே போகும். அணு அடங்குவதற்குப் பதில் தூண்டப்படலாம். மூளைப் புறணியில் நன்றாக ஓடிய கருவியை அப்படியே எடுத்து வந்து உணர்வு நரம்பில் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பம்பு இந்தச் சரிவைப் பொருட்படுத்தாமல் குளோரைடை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளுவதால், குறைகள் இருந்தாலும் புற நரம்புகளில் அதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

நரம்பு முனையில் வேதிச் சமிக்ஞை வெளியாவதை மட்டும் தடுக்க வேண்டுமானால், 2021-இல் வெளிவந்த இரண்டு ஆப்சின்களைப் பாருங்கள். ஒன்று கொசுவிலிருந்து எடுத்தது, மற்றொன்று லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனிலிருந்து எடுத்தது. இவை அயனிகளைக் கடத்துவதில்லை. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் ஒட்டும் ஏற்பிகளைப் போலவே, ஜி-புரதம் என்ற அணுவின் உள் தூது வழியாக வெளியீட்டைக் குறைக்கின்றன. வலிக்கு மார்ஃபின் எப்படி வேலை செய்கிறது என்று படித்தவர்களுக்கு இதன் அழகு உடனே புரியும்.

படி 3: மரபணுவைச் சேர்த்தல்

இரண்டு வழிகள். ஒன்று, பிறவியிலேயே மரபணு மாற்றிய சுண்டெலி. மெக்கில் குழு எடுத்தது இதைத்தான். என்ஏவி 1.8 என்ற சோடியம் கால்வாய் உள்ள நரம்பணுக்களில் மட்டும் சேனல்ரோடாப்சின் உருவாகும்படி வளர்த்த சுண்டெலிகள். அந்தக் கால்வாய் வலியுணர் நரம்பணுக்களின் அடையாளம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் 2012-இல் வந்த ஓர் ஆய்வு, இந்த வகைச் சுண்டெலியில் பின்வேர் முடிச்சு அணுக்களில் முக்கால் பங்குக்கும் மேல் அந்த அடையாளம் தெரிகிறது என்றும், மென்மையான தொடுகையை உணரும் அணுக்கள் சிலவும் அதில் அடக்கம் என்றும் காட்டியது. எனவே இந்தச் சுண்டெலிகளை வைத்துச் செய்யும் ஆய்வில் ‘வலி நரம்புகளை மட்டும்’ என்று எழுதும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டாவது வழி வைரஸ். ஏஏவி என்ற சிறு வைரஸின் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆப்சின் மரபணுவை வைக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 4.7 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகளுக்குத்தான் இடம். சேனல்ரோடாப்சினுக்கு ஆயிரத்துக்கும் குறைவாகவே போதும் என்பதால் வசதியாகவே அடங்கும். ஸ்டான்ஃபோர்டு குழு 2014-இல் ஏஏவி-6 வகையைக் காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்புக்குள்ளேயே ஊசி போட்டுச் செலுத்தியது. வைரஸ் இழை வழியாகப் பின்னோக்கிப் பயணித்துப் பின்வேர் முடிச்சை அடைந்தது. மரபணு மாற்றாத சாதாரணச் சுண்டெலியிலும் இது முடிந்தது என்பதுதான் அந்தக் கட்டுரையின் முக்கியத்துவம். மனிதனுக்கு என்றைக்காவது போக வேண்டுமானால் இந்த வழியாகத்தான் போக முடியும்.

ஊசி போட்ட பிறகு பொறுமை வேண்டும். புரதம் போதுமான அளவு சேர இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், நீண்ட இழைகளின் முனை வரை போய்ச் சேர இன்னும் கூடுதலாகவே ஆகும். ஆப்சினோடு ஒளிரும் புரதம் ஒன்றையும் ஒட்டி அனுப்பினால், எந்த அணுவில் சேர்ந்தது என்று பிறகு நுண்ணோக்கியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: ஒளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தல்

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்குள் ஒளியை அனுப்ப வழக்கமாக 200 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி இழையைப் பயன்படுத்துவார்கள். அதன் நுனியில் 10 மில்லிவாட் நீல ஒளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நுனியின் ஆரம் 0.1 மி.மீ., பரப்பு 0.0314 சதுர மி.மீ. 10-ஐ 0.0314-ஆல் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 318 மில்லிவாட். சேனல்ரோடாப்சினுக்குத் தேவை சதுர மில்லிமீட்டருக்கு 1 மில்லிவாட் அளவுதான். முந்நூறு மடங்கு அதிகமாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். மூளைத் திசு ஒளியைச் சிதறடிக்கும். சுண்டெலி மூளைக்கான வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 1 மி.மீ. ஆழத்தில் மிஞ்சுவது அரை சதவீதம் போல. அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 2 மில்லிவாட்டுக்கும் கீழே. 1 மி.மீ. தள்ளியிருக்கும் அணுவை எட்டுவதற்காக, நுனியை ஒட்டியிருக்கும் அணுக்களை ஒளியில் மூழ்கடிக்கிறோம்.

மூழ்கடித்தால் சூடாகும். தொடர்ச்சியான ஒளி திசுவின் வெப்பத்தை ஓரிரு டிகிரி ஏற்றிவிடும், அந்தச் சூடு மட்டுமே நரம்பணுக்களின் வேகத்தையும் விலங்கின் நடத்தையையும் மாற்றப் போதும் என்று 2019-இல் கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வு காட்டியது. சூட்டை உணர்வதற்கென்றே அமைந்த நரம்பணுக்களோடு வேலை செய்யும் வலி ஆய்வாளருக்கு இது பக்கவிளைவு இல்லை, பரிசோதனையையே பாழாக்கும் விஷயம். முடிந்தவரை துடிப்புகளாக ஒளி கொடுங்கள். 5 மில்லிநொடித் துடிப்பு, நொடிக்கு 20 முறை என்றால் விளக்கு எரியும் நேரம் பத்தில் ஒரு பங்குதான். அடக்கும் பம்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவற்றுக்குத் தொடர் ஒளி வேண்டும்.

தோலில் உள்ள முனைகளுக்கு இழையே தேவையில்லை, வெளியிலிருந்தே காட்டலாம். தண்டுவடம்தான் படுத்தும். விலங்கு நடக்க நடக்க முதுகெலும்பு வளையும், கண்ணாடி இழை வளையாது. அதனால் கனடாவின் லாவல் பல்கலைக்கழகக் குழு தண்டுவடத்தின் உறைக்கு மேலாகப் படுக்கும் இழையை உருவாக்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கெரோவும் இல்லினாய்ஸின் ஜான் ராஜர்ஸும் 2015-இல் இன்னும் ஒரு படி போனார்கள். ரப்பர் போல நீளும், மின்கலமே இல்லாமல் ரேடியோ அலையில் சக்தி பெறும் நுண் எல்.இ.டி. கருவியைத் தோலுக்கடியிலேயே பொருத்தினார்கள். தலையில் கம்பியோடு சுற்றும் சுண்டெலியையும் சுதந்திரமாக ஓடும் சுண்டெலியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், எதன் நடத்தையை நம்புவது என்பதில் சந்தேகம் வராது.

படி 5: ஒப்பீட்டுக் குழுக்கள்

ஒரு கட்டுரையை மதிப்பிடச் சொன்னால் நான் முதலில் புரட்டுவது இந்தப் பகுதியைத்தான்.

ஆப்சின் இல்லாமல் ஒளிரும் புரதம் மட்டும் உள்ள சுண்டெலிக்கு அதே வைரஸ், அதே அறுவை, அதே ஒளி, அதே நேரம். இது கட்டாயம். சூட்டினாலோ, வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்ததாலோ வரும் விளைவை இந்தக் குழுதான் பிரித்துக் காட்டும். சுண்டெலிக்கு நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். திடீரென்று காலடியில் நீலம் எரிந்தால் எந்த விலங்கும் கொஞ்சம் நகரத்தான் செய்யும்.

ஆப்சின் உள்ளவற்றில் ஒளி இல்லாத நேரமும் அளவிட வேண்டும். புதிய புரதத்தைச் சுமப்பதே சில நேரம் அணுவை மாற்றிவிடும். வேறு நிற ஒளி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், நீல ஆப்சினுக்குச் சிவப்பு ஒளி என்பது போல.

அளப்பவருக்கு எந்தச் சுண்டெலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. விளக்கு எரிவது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, அதை மறைக்க வழியில்லை. ஆகவே ஆப்சின் இருக்கிறதா இல்லையா என்பதையாவது மறைத்தே ஆக வேண்டும். கூண்டு அட்டையில் குழுப்பெயரை எழுதி வைத்துவிட்டு ‘மறைத்துச் செய்தோம்’ என்று கட்டுரையில் போடுவது வேடிக்கை.

ஆண், பெண் இரண்டையும் சேருங்கள். வலியில் பாலின வேறுபாடு உண்டு, அது சின்ன விஷயமும் அல்ல.

படி 6: வலியை அளத்தல்

சுண்டெலியிடம் ‘வலிக்கிறதா’ என்று கேட்க முடியாது. எனவே சுற்றி வளைத்துத்தான் அளக்கிறோம். சுற்றி வளைக்கும் பாதையில் எவ்வளவு நழுவுகிறது என்பதுதான் கேள்வி.

மிகப் பழகிய முறை வான் ஃப்ரே இழைகள். கம்பி வலைத் தரைமேல் சுண்டெலியை விட்டு, கீழேயிருந்து நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, இழை வளையும்வரை அழுத்துவார்கள். ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட விசையில் வளையும். எந்த விசையில் சுண்டெலி காலை இழுக்கிறது என்பதே அளவு. சூட்டுக்கு ஹார்கிரீவ்ஸ் முறை: கண்ணாடித் தரைக்குக் கீழேயிருந்து வெப்பக் கதிரைக் காட்டி எத்தனை நொடியில் கால் விலகுகிறது என்று பார்ப்பது.

இரண்டும் நல்ல முறைகள். ஆனால் இரண்டும் அனிச்சையை அளப்பவை. காலை இழுக்கும் அனிச்சை தண்டுவடத்திலேயே முடிந்துவிடும், மூளையோடு தொடர்பு அறுந்த விலங்கிலும் அது நடக்கும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையில் வலி என்பது உணர்வும் மனக்கசப்பும் சேர்ந்த அனுபவம். அது வேறு, தீங்கை உணரும் நரம்புச் செயல்பாடு வேறு என்றும் அது தெளிவாகவே சொல்கிறது. நாட்பட்ட வலியோடு வாழ்பவர் மருத்துவரிடம் சொல்வது ‘என் கால் 0.4 கிராம் விசையில் விலகுகிறது’ என்பதையா? ராத்திரி தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றல்லவா?

இந்தப் பிளவை ஒரு பரிசோதனை துல்லியமாகக் காட்டியது. 2019-இல் ஸ்டான்ஃபோர்டில் கிரெகரி கார்டர், மார்க் ஷ்னிட்சர், கிரெகரி ஷெரர் முதலானோர் அமிக்டலாவில் வலியின் கசப்பைக் குறிக்கும் ஓர் அணுக்கூட்டத்தைக் கண்டார்கள். அதை அடக்கியதும் சுண்டெலிகள் காலை நக்குவதும் தப்பித்து ஓட முயல்வதும் குறைந்தன. ஆனால் காலை இழுக்கும் அனிச்சை அப்படியே இருந்தது. வான் ஃப்ரே அளவை மட்டும் எடுத்திருந்தால் ‘விளைவு இல்லை’ என்று மூட்டை கட்டியிருப்பார்கள். அங்கே அடக்கியது ஒளியால் அல்ல, மருந்தால் இயங்கும்படி வடிவமைத்த ஏற்பியால். அமிக்டலாவின் இன்னொரு பகுதியில், மயக்க மருந்து கொடுக்கும்போது விழித்துக்கொள்ளும் அணுக்களை டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபான் வாங் குழு 2020-இல் ஒளியால் இயக்கியது. காலை நக்குவது போன்ற வலி நடத்தைகள் சட்டென்று அடங்கின. ஒரே அமிக்டலாவுக்குள் இரு அணுக்கூட்டங்கள், ஒன்று வலியின் கசப்பைச் சுமக்கிறது, மற்றொன்று வலியையே அமர்த்துகிறது.

அதனால் அனிச்சை அளவோடு நிற்காதீர்கள். இரண்டு அறைகள் வைத்து, ஒன்றில் மட்டும் ஒளி எரியும்படி செய்து, சுண்டெலி எதில் இருக்க விரும்புகிறது என்று பாருங்கள். வலியை இயக்கும் ஒளி என்றால் அந்த அறையைத் தவிர்க்கும், ஸ்டான்ஃபோர்டின் 2014 ஆய்வில் அப்படித்தான் தவிர்த்தன. அடக்கும் ஒளி என்றால் நரம்புக் காயம் பட்ட சுண்டெலி மட்டும் அந்த அறையைத் தேடிப் போக வேண்டும், காயமில்லாதது அலட்சியமாக இருக்க வேண்டும். காயமில்லாததும் தேடிப் போனால் நீங்கள் தொட்டது வலியை அல்ல, மகிழ்ச்சிப் பாதையை. முகச் சுளிப்பை மதிப்பெண் போட்டு அளக்கும் முறையும் இருக்கிறது, அதையும் மெக்கில் குழுதான் 2010-இல் கொண்டுவந்தது.

படி 7: முடிந்த பிறகு சரிபார்த்தல்

திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். ஆப்சின் எந்த அணுக்களில், எத்தனை சதவீதத்தில்? கண்ணாடி இழையின் நுனி நினைத்த இடத்தில்தான் இருந்ததா? தவறிய இடத்தில் இருந்த விலங்குகளை நீக்கும் விதியை முடிவுகளைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். ஒளி நிஜமாகவே அணுவைச் சுட வைத்தது அல்லது அடக்கியது என்பதற்கு மின்பதிவும் வேண்டும். நடத்தையை வைத்து அதை ஊகிக்கக் கூடாது.

படி 8: நோயாளியிடம் போவதற்கு என்ன தடை?

மனித உடலில் ஆப்டோஜெனடிக்ஸ் நுழைந்தது கண் வழியாக. 2016-இல் அமெரிக்காவில் முதல் நோயாளிக்கு ஊசி போடப்பட்டது. 2021-இல் ஜோஸே-அலன் சாஹெல், போடொண்ட் ரோஸ்கா குழு, விழித்திரை நோயால் பார்வை போன 58 வயதுக்காரர் ஒருவர் கிரிம்ஸன் ஆப்சினும் சிறப்புக் கண்ணாடியும் கொண்டு மேசை மேல் இருக்கும் பொருளைக் கண்டு தொட்டதை வெளியிட்டது. கண் ஏன் முதலில் வந்தது என்பதிலேயே வலிக்கு ஏன் தாமதம் என்பதற்கான விடையும் இருக்கிறது. கண் ஒளி ஊடுருவும் உறுப்பு, சிறியது, நோய் எதிர்ப்பு மண்டலம் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். சயாட்டிக் நரம்பு தடிமனானது, தசைக்குள் புதைந்தது, எதிர்ப்பு மண்டலம் தாராளமாக உலவும் இடம். எம்.ஐ.டி.யில் எலிகளின் புற நரம்பில் ஆப்சினைச் செலுத்தியபோது, பாசியின் புரதத்தை உடல் அந்நியமாகக் கண்டு எதிர்த்து, சில வாரங்களில் விளைவு தேய்ந்துபோனது. ஏஏவி வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் பலருக்கு இயற்கையிலேயே இரத்தத்தில் இருக்கிறது. இதோடு படி 2-இல் சொன்ன தொடர் ஒளித் தேவையும் சேர்கிறது: நாள் முழுக்க இருக்கும் வலிக்கு நாள் முழுக்க ஒளி வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஒளி எதற்கு? அணைக்க முடியும் என்பதற்காக. வலியை நிரந்தரமாக எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். பிறவியிலேயே வலி தெரியாத பாகிஸ்தானியக் குடும்பங்களைப் பற்றி 2006-இல் வந்த ஆய்வு, தெருவில் கையில் கத்தி ஏற்றியும் தணலில் நடந்தும் வித்தை காட்டிய ஒரு சிறுவனிடமிருந்து தொடங்கியது. 14 வயது நிறையும் முன்பே அவன் இறந்துவிட்டான். வலி தேவைப்படும்போது இருக்க வேண்டும்.

தேவையான நேரத்தில் மட்டும் ஒளி என்ற யோசனைக்கு நல்ல உதாரணம் 2019-இல் வந்தது. கெரோ, ராஜர்ஸ் குழுக்கள் எலியின் சிறுநீர்ப்பையைச் சுற்றி நீளும் உணரி ஒன்றைக் கட்டினார்கள். பை அளவுக்கு மீறி அடிக்கடி சுருங்குவதை உணரி கண்டதும், பை நரம்புகளில் உள்ள ஆர்க்கிரோடாப்சின் மீது எல்.இ.டி. தானாக எரிந்து அவற்றை அமர்த்தியது. இயல்புக்கு வந்ததும் அணைந்தது. சதா எரியத் தேவையில்லாததால் மின்சாரமும் மிச்சம். எனக்குப் பிடித்த பாதை இதுதான்.

மரபணுவையே தவிர்க்கும் வழிகளும் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் கிரேமரும் சகாக்களும் 2012-இல் கியூஏகியூ என்ற மூலக்கூறை வலி நரம்புகளில் சோதித்தார்கள். வலி நரம்புகளில் தீங்கு நேரும்போது திறக்கும் பெரிய கால்வாய்கள் வழியாக அது உள்ளே நுழையும். பச்சை ஒளியில் சோடியம் கால்வாய்களை அடைக்கும், 380 நானோமீட்டர் புற ஊதாவில் விடுவிக்கும். ஒளியால் இயங்கும் மரப்பு மருந்து. புற ஊதா தோலுக்குள் ஆழமாகப் போகாது என்பது அதன் பலவீனம். 2018-இல் ரோமில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில், தொட்டாலே வலிக்கும் நிலைக்குக் காரணமான தொடுநரம்புகளோடு மட்டும் ஒட்டும் ஒரு பொருளைச் சுண்டெலித் தோலில் செலுத்தி அகச்சிவப்பு ஒளி காட்டினார்கள். அந்த நரம்பு முனைகள் தோலிலிருந்து பின்வாங்கின, தொடுவலி தணிந்தது, சில வாரங்களில் முனைகள் மீண்டும் வளர்ந்தன. மருத்துவமனை வாசலை ஒளி முதலில் மிதிப்பது இந்த மாதிரி மரபணு தேவைப்படாத வடிவில்தான் என்பது என் கணிப்பு.

இன்றைக்கு நாட்பட்ட வலியோடு இருப்பவர் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஆப்டோஜெனடிக்ஸ் சிகிச்சை எதுவும் இல்லை. அந்தப் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அதே நேரம், மெக்கில் சுண்டெலிகளில் ஒளிப்புரதம் எந்த என்ஏவி 1.8 கால்வாயின் அடையாளத்தில் ஏறியதோ, அதே கால்வாயை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. திடீர் வலிக்கு, ஓபியாய்டு அல்லாத மருந்து. அது ஆப்டோஜெனடிக்ஸ் பெற்ற பிள்ளை அல்ல, அந்தக் கால்வாயின் மருந்தியல் வரலாறு தனியானது, நீளமானது. ஆனால் எந்த நரம்பணுவின் எந்தக் கால்வாய் என்ற கேள்விக்கு விடை தெரிந்தபிறகு, நோயாளி கைக்குப் போவது விளக்காகத்தான் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.